பச்சிளங்குழந்தைகள், சிறுவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக, 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கணக்கிட்டது. அவர்களில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. இந்தச் சுமையின் கடுமையான பகுதி பச்சிளங்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்குமான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்தான் விழுகிறது. அங்கே பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஆய்வகப் பணியாளர்கள் ஆகியோர் அன்றாட வேலையில் பின்பற்றத்தக்க வரிசையில் இவ்வழிகாட்டி அமைக்கப்பட்டுள்ளது. மருந்தின் அளவை அந்தந்த மருத்துவமனையின் மருந்துக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இங்கே பேசப்படுவது முடிவெடுக்கும் முறை.

இந்தப் பிரிவுகளில் எதிர்ப்புக் கிருமிகள் ஏன் இவ்வளவு எளிதில் வேரூன்றுகின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தையின் குடலில் கிருமிகள் குடியேறுவது முதல் சில நாட்களில்தான். தாயின் தோலிலிருந்தும் பாலிலிருந்தும் வர வேண்டிய கிருமிகளுக்குப் பதிலாக வார்டில் உலவும் கிருமிகளே அங்கு முந்திக்கொள்கின்றன. குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது, நோயெதிர்ப்பு ஆற்றல் முதிராதது, உடலில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செல்லும் குழாய்), மூச்சுக்குழாய் டியூப், உணவு டியூப் எனப் பல நுழைவாயில்கள் திறந்திருக்கின்றன. இவற்றோடு, உடல் முழுவதையும் தாக்கும் கடும் தொற்றான செப்சிஸின் அறிகுறிகளான மூச்சு நின்றுபோதல், பால் ஏற்காமை, சோர்வு, நிறம் மங்குதல் ஆகியவை குறைமாதத்தின் சாதாரண அறிகுறிகளாகவும் இருப்பதால், எந்த மாற்றத்தைக் கண்டாலும் ஆன்டிபயாடிக் தொடங்கப்படுகிறது. சிறுவர் பிரிவிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. வைரஸ் காய்ச்சலோடு வென்டிலேட்டருக்கு வரும் குழந்தைக்குப் பாக்டீரியா தொற்றும் இருக்கலாமோ என்ற ஐயம் எளிதில் நீங்குவதில்லை.

ஆகவே தொடங்குவதைக் குறை கூறுவதில் பயனில்லை. செப்சிஸில் தாமதம் உயிரைப் பறிக்கும். தேவையில்லை என்று தெரிந்த பிறகும் மருந்தை நிறுத்தாமல் இருப்பதும், ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குக் கைகள் வழியே கிருமி செல்வதும்தான் வார்டின் எதிர்ப்பைப் பெருக்குகின்றன. இவ்விரண்டும் நம் கட்டுப்பாட்டில் உள்ளவை.

படி 1: உங்கள் பிரிவின் கிருமிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதைத் தொகுத்துக் காட்டும் ஆன்டிபயோகிராம் இல்லாமல் முதல் மருந்தைத் தேர்ந்தெடுப்பது ஊகமே. மருத்துவமனை முழுவதற்குமான ஒரே அட்டவணை போதாது. பெரியவர்களின் வார்டுகளிலிருந்து வரும் சிறுநீர்க் கல்ச்சர்கள் (மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைகள்) அதில் நிறைந்திருக்கும். பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் சிறுவர் பிரிவுக்கும் தனித்தனியாக, ரத்தக் கல்ச்சர்களை மட்டும் கொண்டு அட்டவணை தயாரிக்க வேண்டும். ஒரே நோயாளியிடம் ஒரே கிருமி பலமுறை வளர்ந்தால் முதல் முறை வளர்ந்ததை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 மாதிரிகளாவது இருந்தால்தான் சதவீதத்துக்குப் பொருள் உண்டு. சிறிய பிரிவில் ஓராண்டில் அந்த எண்ணிக்கை சேராது என்றால் இரண்டு ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடலாம்.

பாடநூல்கள், பிறந்து 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று தாயிடமிருந்து வருவது என்றும் அதற்குப் பிந்தையது மருத்துவமனையிலிருந்து வருவது என்றும் பிரிக்கின்றன. முதல் வகைக்குக் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஈ. கோலையும் முதன்மைக் காரணிகளாகச் சொல்லப்படுகின்றன. வளம் குறைந்த, நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் இந்தக் கோடு அழிந்துவிடுகிறது. பிரசவ அறையிலேயே மருத்துவமனைக் கிருமி தொற்றிக்கொள்வதால் முதல் நாளிலேயே கிளெப்சியெல்லாவோ அசினெடோபாக்டரோ ரத்தத்தில் வளர்வதுண்டு. 11 நாடுகளில் 3200க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2023இல் வெளியான நியோஆப்ஸ் ஆய்விலும் மிகுதியாகக் காணப்பட்ட கிருமி கிளெப்சியெல்லா நிமோனியேதான்.

இந்தக் கிருமிகளின் எதிர்ப்பு எப்படிப் பரவுகிறது என்பதும் நடைமுறைக்குத் தேவையான செய்தி. செஃபோடாக்ஸிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களை உடைக்கும் இ.எஸ்.பி.எல் நொதிகளுக்கும், மெரோபெனெம் போன்ற கார்பபெனெம்களையும் உடைக்கும் என்.டி.எம், கே.பி.சி, ஆக்ஸா-48 போன்ற நொதிகளுக்கும் உரிய மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ வளையங்களில் இருக்கின்றன. இவ்வளையங்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு இனத்திலிருந்து வேறு இனத்துக்கும்கூடத் தாவுகின்றன. ஒரே வளையத்தில் ஜென்டாமைசின் போன்ற வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே இருப்பதுண்டு. அதனால் ஒரு மருந்தை அதிகம் பயன்படுத்தினாலும் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒருங்கே பெருகும்.

படி 2: முதல் டோஸுக்கு முன் கல்ச்சர் எடுங்கள்

நிறுத்தும் முடிவை இரண்டாம் நாளில் துணிவோடு எடுக்க வேண்டுமானால், முதல் நாளில் எடுத்த கல்ச்சர் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். பச்சிளங்குழந்தையிடமிருந்து குறைந்தது 1 மில்லி லிட்டர் ரத்தம் வேண்டும். நடைமுறையில் 0.3 அல்லது 0.4 மில்லி மட்டும் பாட்டிலில் விழுவதும், பின்னர் ‘கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, ஆனாலும் நம்ப முடியாது’ என்று மருந்து பத்து நாள் ஓடுவதும் பல பிரிவுகளில் வழக்கமாகிவிட்டது. கிருமிகள் குறைந்த எண்ணிக்கையில் உள்ள ரத்தத்தில் அரை மில்லி அவற்றைத் தவறவிடக்கூடும். ஒரு மில்லி பெரும்பாலும் பிடித்துவிடும்.

தோலைக் கிருமிநாசினியால் துடைத்த பின் அது முழுவதும் உலரும் வரை காத்திருக்க வேண்டும், உலர்ந்த இடத்தை மீண்டும் விரலால் தடவக் கூடாது. முன்பே போடப்பட்ட கேனுலாவிலிருந்து எடுக்கும் ரத்தம் தோல் கிருமிகளால் மாசுபட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் புதிய இடத்தில் குத்தி எடுப்பதே நல்லது. சென்ட்ரல் லைன் இருந்தால் லைனிலிருந்து ஒன்றும் வெளி நரம்பிலிருந்து ஒன்றுமாக இரண்டு பாட்டில்கள் எடுக்கலாம். குழந்தையின் நிலை தாங்கும்போது தண்டுவட நீர்ப் பரிசோதனையையும் தள்ளிப்போடாமல் செய்துவிட வேண்டும், ஏனெனில் மூளைக்காய்ச்சல் உண்டா இல்லையா என்பதே மருந்து நாட்களின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. முதல் மூன்று நாட்களில் வரும் செப்சிஸ் சந்தேகத்துக்குச் சிறுநீர்க் கல்ச்சர் பயன் தருவதில்லை. அதற்குப் பின் தேவைப்படும், அதையும் பையில் சேகரிக்காமல் கதீட்டர் வழியே எடுக்க வேண்டும். காதுக்குள்ளிருந்தும் இரைப்பை நீரிலிருந்தும் எடுக்கும் ஸ்வாப்கள் நோயைக் காட்டுவதில்லை. அவற்றைக் கைவிடலாம்.

வென்டிலேட்டரில் உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய்ச் சளியை வழக்கமாகக் கல்ச்சருக்கு அனுப்பும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். சில நாட்கள் டியூப் இருந்தாலே அதில் கிருமிகள் குடியேறும்; அறிக்கையில் அசினெடோபாக்டர் என்று வந்துவிட்டால், ஆக்சிஜன் தேவை கூடாத, எக்ஸ்ரே மாறாத குழந்தைக்கும் கடைசி இருப்பு மருந்தான கோலிஸ்டின் தொடங்கும் நெருக்கடி உருவாகிறது. புதிய நிமோனியாவுக்கான அறிகுறிகள் இருந்தால் மட்டுமே அந்தப் பரிசோதனையை அனுப்ப வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் தேவையா என்ற கேள்வியும் இங்கேயே எழ வேண்டும். 34 வாரங்களுக்கு மேல் பிறந்தவர்களுக்கு, தாயின் காய்ச்சல், பனிக்குடம் உடைந்த நேரம் போன்றவற்றைக் கொண்டு அபாயத்தைக் கணக்கிடும் கருவிகளும், மருந்தின்றி அடிக்கடி நேரில் பரிசோதிக்கும் முறையும் பயன்பாட்டில் உள்ளன. பிரசவ வலியோ பனிக்குட உடைவோ இல்லாமல், தாயின் ரத்த அழுத்தம் போன்ற காரணத்துக்காக அறுவை சிகிச்சையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத் தொற்றின் அபாயம் மிகக் குறைவு. சிறுவர் பிரிவில் பிராங்கியோலைட்டிஸ் (வைரஸால் வரும் சிறு மூச்சுக்குழல் அழற்சி), ஆஸ்துமா ஆகியவற்றுடன் வருவோருக்கும் பாக்டீரியா தொற்றுக்கான தெளிவான அடையாளம் இல்லாதபோது ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை.

படி 3: முதல் மருந்தைத் தேர்ந்தெடுத்து, சரியான அளவில் கொடுங்கள்

அதிர்ச்சி நிலையில் (ரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைந்த நிலையில்) உள்ள குழந்தைக்கு முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் சென்றாக வேண்டும். அதிர்ச்சி இல்லாத, ஆனால் செப்சிஸால் உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஐயப்படும் குழந்தைக்கு, 2020இல் வெளியான குழந்தைகள் செப்சிஸ் வழிகாட்டு நெறிகள் மூன்று மணி நேரம் வரை விரைவான பரிசோதனைகளுக்கு இடம் தருகின்றன. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எல்லோரையும் ஒரு மணி நேர விதிக்குள் அடக்குவதால்தான் தேவையற்ற மெரோபெனெம் கூடுகிறது.

உலக சுகாதார அமைப்பு ஆன்டிபயாடிக்குகளை முதல் நிலைப் பயன்பாட்டுக்குரியவை, கண்காணிக்க வேண்டியவை, இருப்பில் வைக்க வேண்டியவை என்று மூன்று குழுக்களாகப் பிரித்துள்ளது. ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் முதல் குழுவிலும், செஃபோடாக்ஸிமும் மெரோபெனெமும் இரண்டாவதிலும், கோலிஸ்டின் மூன்றாவதிலும் வருகின்றன. பச்சிளங்குழந்தைப் பிரிவில் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினை வழக்கமான முதல் மருந்தாக வைக்கக் கூடாது என்பதற்கு 2000ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வு வலுவான சான்று. ஒரே மாதிரியான இரண்டு பிரிவுகளில் ஒன்றில் பென்சிலினும் டோப்ராமைசினும், மற்றொன்றில் அமாக்சிசிலினும் செஃபோடாக்ஸிமும் ஆறு மாதங்கள் கொடுக்கப்பட்டு, பின்னர் இரண்டு பிரிவுகளும் மருந்துகளை மாற்றிக்கொண்டன. கொடுக்கப்பட்ட மருந்துக்கு அடங்காத கிருமிகள் குழந்தைகளிடம் குடியேறும் அபாயம் செஃபோடாக்ஸிம் காலத்தில் 18 மடங்காக இருந்தது. செஃபலோஸ்போரின்கள் கேண்டிடா பூஞ்சைத் தொற்றுக்கும் வழிவகுக்கின்றன. செஃப்ட்ரையாக்ஸோனுக்கு இன்னும் இரண்டு தடைகள் உண்டு: அது பிலிருபினை அல்புமினிலிருந்து விடுவித்து மஞ்சள் காமாலையின் ஆபத்தைக் கூட்டுகிறது, கால்சியம் கலந்த நரம்புவழித் திரவத்தோடு சேர்ந்தால் உறைந்து படிகிறது.

ஆயினும் உங்கள் ஆன்டிபயோகிராம், ஆம்பிசிலின்–ஜென்டாமைசின் பெரும்பாலான கிருமிகளை எட்டவில்லை என்று காட்டினால், கண்ணை மூடிக்கொண்டு அதையே கொடுப்பதும் தவறு. அமிக்காசின் எட்டுகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் ஜென்டாமைசின் தோற்ற கிருமியை அமிக்காசின் அடக்குகிறது. கார்பபெனெமைத் தீவிர நிலையில் உள்ள குழந்தைக்கும், எதிர்ப்புக் கிருமி குடியேறியிருப்பது முன்பே தெரிந்த குழந்தைக்கும் ஒதுக்கி வைக்கலாம்.

அளவில் செய்யும் சிக்கனம் எதிர்ப்பை வளர்க்கும். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவைப் பொறுத்து வேலை செய்பவை என்பதால், முழு டோஸைக் கொடுத்துவிட்டு, சிறுநீரகம் முதிராத குழந்தைக்கு இடைவெளியைத்தான் நீட்ட வேண்டும். மிகக் குறைமாதக் குழந்தைக்கு அந்த இடைவெளி 48 மணி நேரம் வரைகூடச் செல்லலாம். ஆம்பிசிலின், மெரோபெனெம் போன்ற பீட்டா லாக்டம் மருந்துகளோ ரத்தத்தில் போதிய அளவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து வேலை செய்கின்றன. ஆகவே கடுமையான தொற்றில் மெரோபெனெமை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு நீட்டிச் செலுத்துவது பலன் தரும். சிறுவர் பிரிவில் செப்சிஸ் உள்ள சில குழந்தைகளின் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் இயல்பாக இருப்பதால் மருந்தளவும் போதுமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

படி 4: இரண்டாம் நாளில் முடிவெடுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிகக் கவனம் வேண்டும் இடம் இதுவே. இப்போதைய தானியங்கிக் கல்ச்சர் இயந்திரங்களில் உண்மையான நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை 36 மணி நேரத்துக்குள்ளும், ஏறத்தாழ அனைத்தும் 48 மணி நேரத்துக்குள்ளும் வளர்ந்துவிடுகின்றன. எனவே மருந்து எழுதும் அதே நேரத்தில் நிறுத்தும் நேரத்தையும் எழுத வேண்டும். ‘36 மணி நேரம், மறுபரிசீலனை இன்ன நாள் இரவு 8 மணி’ என்று மருந்துத் தாளில் இருந்தால், தொடர வேண்டுமானால்தான் ஒருவர் காரணம் எழுத வேண்டியிருக்கும். நிறுத்துவது தானாக நடக்கும்.

காலை ரவுண்ட்ஸில் ஒரு தொட்டிலை எடுத்துக்கொள்வோம். 30 வாரத்தில் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் மூச்சுத்திணறல், தாய்க்குக் காரணம் தெரியாத குறைமாத வலி. ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்கப்பட்டுள்ளன. இப்போது 38 மணி நேரம். கல்ச்சரில் வளர்ச்சி இல்லை, 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சி.ஆர்.பி (அழற்சியின்போது ரத்தத்தில் உயரும் புரதம்) முடிவுகளும் குறைவு, சீபேப்பில் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று தரும் கருவியில்) ஆக்சிஜன் தேவை 30 சதவீதத்திலிருந்து 23 ஆக இறங்கியிருக்கிறது, மூன்று மணிக்கு ஒருமுறை ஒரு மில்லி தாய்ப்பால் செரிக்கிறது. அங்கே ஒரு குரல் எழும்: ‘சின்னக் குழந்தை, பாதுகாப்புக்கு ஐந்து நாள் ஓடட்டும்.’ அந்த ஐந்து நாளில் பாதுகாப்பு இல்லை. கல்ச்சரில் ஏதும் வளராத மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் ஆன்டிபயாடிக் ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் நீள்வது, குடல் அழுகல் நோயுடனும் மரணத்துடனும் தொடர்புடையது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இந்தக் குழந்தைக்கு மருந்தை இப்போதே நிறுத்துவதுதான் பாதுகாப்பு. நிறுத்திய பின் 24 மணி நேரம் கூர்ந்து கவனித்தால் போதும்.

சி.ஆர்.பியைப் பற்றி ஒரு சொல். அது தொற்று தொடங்கிப் பல மணி நேரம் கழித்தே உயர்வதால், ஒரே ஒரு முடிவை வைத்துத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. தொடர்ந்து குறைவாக இருக்கும் சி.ஆர்.பி நிறுத்துவதற்குத் துணை நிற்கும். ஆனால் கடினமான பிரசவம், அறுவை சிகிச்சை ஆகியவற்றாலும் அது உயரும் என்பதால், உயர்ந்த சி.ஆர்.பி மட்டுமே மருந்தைத் தொடரக் காரணமாகாது. இதே போன்ற இன்னொரு ரத்தக் குறியீடான புரோகால்சிடோனின் பிறந்த முதல் இரண்டு நாட்களில் இயல்பாகவே உயர்ந்திருக்கும்.

கல்ச்சரில் கிருமி வளர்ந்துவிட்டால், அதை அடக்கும் மருந்துகளில் மிகக் குறுகிய வீச்சுள்ளதற்கு அன்றே மாற வேண்டும். குழந்தை தேறிவிட்டது என்பதற்காக மெரோபெனெமையே தொடர்வது, ‘ஓடுகிற குதிரையை மாற்றாதே’ என்ற மனநிலையிலிருந்து வருவது. அதற்கு மருத்துவ நியாயம் இல்லை. ஒரே பாட்டிலில், தாமதமாக வளர்ந்த கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபிலோகாக்கஸ் பெரும்பாலும் தோல் மாசு. மறு கல்ச்சர் எடுத்துவிட்டு, அதற்காகத் தொடங்கிய வான்கோமைசினை நிறுத்தலாம். உண்மையான லைன் தொற்று என்றால் லைனை எடுப்பதே முதன்மையான சிகிச்சை. சிக்கலற்ற கிராம் நெகட்டிவ் (கிளெப்சியெல்லா, ஈ. கோலை போன்ற கிருமிகளால் வரும்) ரத்தத் தொற்றுக்கு 7 முதல் 10 நாட்கள், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு 14 நாட்கள், கிராம் நெகட்டிவ் மூளைக்காய்ச்சலுக்குக் குறைந்தது 21 நாட்கள் என்பவை பரவலாக ஏற்கப்பட்ட கால அளவுகள்.

படி 5: கிருமி தொட்டில் தாவாமல் தடுங்கள்

எவ்வளவு கவனமாக மருந்து எழுதினாலும், கைகள் சுத்தமாக இல்லாத வார்டில் எதிர்ப்பு குறையாது. நோயாளியைத் தொடும் முன், தூய்மை தேவைப்படும் செயலுக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின் என உலக சுகாதார அமைப்பு ஐந்து தருணங்களைச் சொல்கிறது. ஆல்கஹால் கரைசலை 20 முதல் 30 விநாடிகள் தேய்க்க வேண்டும். இன்குபேட்டரில் அதிகம் தவறும் தருணம் ஒன்று உண்டு: கைகளைச் சுத்தம் செய்த பின் வெளிப்புறக் கதவின் பிடியைத் தொட்டுத் திறந்து, அதே கையைக் குழந்தையின் மீது வைத்துவிடுகிறோம். முழங்கையால் திறக்க வேண்டும். இல்லையேல் திறந்த பின் மீண்டும் தேய்க்க வேண்டும். கையுறை கைகழுவுதலுக்கு மாற்றாகாது. ஒரே கையுறையோடு மானிட்டர், விசைப்பலகை, பக்கத்துத் தொட்டில் என்று செல்லும் கை, வெறுங்கையைவிட ஆபத்தானது.

கைகழுவும் தொட்டியின் வடிகால் குழாய்தான் பலரும் கவனிக்காத கிருமிக் கிடங்கு. சூடோமோனாஸும் கார்பபெனெம் எதிர்ப்புக் கிருமிகளும் அங்கே மெல்லிய படலமாக வாழ்கின்றன, தண்ணீர் விழும்போது தெறிக்கின்றன. அதன் அருகில் மருந்து கலக்குவதோ பால் புட்டி வைப்பதோ கூடாது. உறிஞ்சியெடுத்த சளியையும் மீதி மருந்தையும் அதில் ஊற்றவும் கூடாது. ஒரே மருந்துக் குப்பியைப் பல குழந்தைகளுக்குப் பகிர்வதும், சேலைன் பாட்டிலை நாள் முழுவதும் ஊசி குத்தி வைத்திருப்பதும் கிளெப்சியெல்லா பரவலுக்கு நன்கு அறியப்பட்ட வழிகள்.

லைன் போடும்போது முழுத் தூய்மைத் தடுப்பு, இணைப்பு முனையை ஒவ்வொரு முறையும் தேய்த்துத் துடைத்து உலரவிடுதல், ‘இன்று இந்த லைன் தேவையா’ என்ற தினசரிக் கேள்வி ஆகியவை ரத்தத் தொற்றைக் குறைக்கின்றன. தாய்ப்பாலும் கங்காரு பராமரிப்பும் இங்கே மருந்துக்கு நிகரானவை. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ எடைக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் மார்போடு சேர்த்தபோது 28 நாள் மரணம் 25 சதவீதம் குறைந்தது. செப்சிஸ் சந்தேகமும் குறைந்தது. தாயின் தோலிலிருந்து வரும் கிருமிகள் வார்டுக் கிருமிகளுக்கு முன்பே இடம்பிடிக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைக் குறைமாதக் குழந்தைகளுக்குத் தவிர்ப்பதும் இதே வரிசையில் வரும், ஏனெனில் அமிலமும் கிருமிகளுக்கு ஒரு தடுப்பு.

ஒரு செவிலியர் ஏற்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தொற்றும் கூடுகிறது. ஆட்கள் போதாத இரவுப் பணியில் கைகழுவவில்லை என்று செவிலியரைக் கடிந்துகொள்வதால் எதுவும் மாறாது. பணியமர்த்தலைக் கேட்டுப் பெறுவதும் தொற்றுக் கட்டுப்பாட்டின் பகுதியே.

படி 6: பரவலையும் கடினக் கிருமியையும் எதிர்கொள்ளுங்கள்

ஒரே எதிர்ப்பு வடிவமுள்ள கிருமி குறுகிய காலத்தில் இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் வளர்ந்தால் அதைப் பரவலாகவே கருதிச் செயல்பட வேண்டும். மற்றக் குழந்தைகளிடம் மலக்குடல் ஸ்வாப் எடுத்து யாரிடம் குடியேறியுள்ளது என்று அறிந்து, அவர்களை ஒரு பகுதியில் சேர்த்து, இயன்றவரை தனிச் செவிலியர் குழுவை ஒதுக்க வேண்டும். நோயின்றிக் கிருமி குடியேறியிருப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தரக் கூடாது.

கார்பபெனெமுக்கு அடங்காத கிருமியால் குழந்தை நோயுற்றால், நுண்ணுயிரியலாளருடன் பேசி, எந்த நொதி என்பதை அறிந்து மருந்தை முடிவு செய்ய வேண்டும். செஃப்டாசிடிம்–அவிபாக்டம் கே.பி.சி, ஆக்ஸா-48 ஆகியவற்றை எதிர்க்கும், என்.டி.எம் இருந்தால் தனியாகப் பயன்படாது. கோலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, நுரையீரலையும் தண்டுவட நீரையும் போதிய அளவு எட்டுவதில்லை. ஃபாஸ்ஃபோமைசின், ஃப்ளோமோக்செஃப், அமிக்காசின் ஆகிய பழைய மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பச்சிளங்குழந்தைகளிடம் பரிசோதிக்கும் நியோசெப்1 ஆய்வு, இந்த இடைவெளியை நிரப்பவே தொடங்கப்பட்டது.

படி 7: அளந்து, பிரிவுக்கே திருப்பிச் சொல்லுங்கள்

பெரியவர்களுக்கான வரையறுத்த தினசரி அளவு என்னும் அலகு, அரைக் கிலோ முதல் ஐம்பது கிலோ வரை எடையுள்ளோர் இருக்கும் இடத்தில் பொருந்தாது. ஆயிரம் நோயாளி நாட்களுக்கு எத்தனை ஆன்டிபயாடிக் நாட்கள் என்பதே சரியான அளவுகோல். அதோடு, 48 மணி நேரத்துக்கு மேல் நீண்ட கல்ச்சர் நெகட்டிவ் சிகிச்சைகளின் பங்கு, மெரோபெனெம் நாட்கள், லைன் தொற்று வீதம், ஆல்கஹால் கரைசலின் மாதப் பயன்பாடு ஆகியவற்றைப் பணியாளர் அறையில் மாதந்தோறும் ஒட்ட வேண்டும். கல்ச்சர் பாட்டிலை ரத்தம் சேர்க்கும் முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்தால், ஒரு மில்லி உண்மையில் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

பெற்றோரிடமும் இதே தெளிவு வேண்டும். மருந்தை நிறுத்தும்போது ‘சிகிச்சையைக் குறைக்கிறார்கள்’ என்ற அச்சம் அவர்களுக்கு வருவது இயல்பு. பரிசோதனையில் தொற்று இல்லை என்று தெரிந்ததால் நிறுத்துகிறோம், தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று நிறுத்தும் முன்பே சொல்ல வேண்டும். தொடும் முன் கைகளைச் சுத்தம் செய்யுமாறு பணியாளரிடமே கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் சேர்க்கைத் தினத்திலேயே சொல்லிவிடலாம். வீடு திரும்பும்போது, குழந்தையிடம் எந்த எதிர்ப்புக் கிருமி குடியேறியிருந்தது, எந்த மருந்துகள் எத்தனை நாட்கள் கொடுக்கப்பட்டன என்பவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அக்கிருமி குடலில் பல மாதங்கள் தங்கக்கூடும் என்பதால், அதே குழந்தை காய்ச்சலோடு சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் இரவில் முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.